குடைக்கீழ் வந்த கொற்றியின் முறையீடு

அலை கொண்டுவந்து சேர்ப்பதை வெயில் வெண்பொன்னாக்கித் தரும் அளநாட்டை ஆள்பவரும், கழிமுகங்கள் அனைத்துக்கும் காவலரும், பகைவர் கலங்களைத் திசை மறக்கச் செய்த பெருங்குடியில் தோன்றியவருமாகிய அரசியார் ஆழிநங்கையார் திருமுன், மாவளநாட்டுப் பேரரசர் நெடுவேட்கோவின் ஆணையைத் தாங்கி, அமைச்சுப் பணி ஓய்ந்தும் வாய் ஓயாத எயினன் மாவளவேள் விடுக்கும் ஓலை இது. தங்கள் மதில் உயர்க. தங்கள் உப்பளங்களில் வெயில் குறையாதிருக்க. தங்கள் உப்பு சேராத கவளம் எங்கள் அரண்மனையில் எவர் தொண்டையிலும் இறங்காது என்பதால், தங்கள் நலம் நீடிப்பதில் எங்களுக்குத் தன்னலமும் உண்டு. என் நலம் அறிய விரும்பினால், முழங்கால் நலமில்லை, பசி நலம், பொறாமை மிக மிக நலம்.

அப்பொறாமைக்குப் பெயர் சேந்தன் விழுப்பரையன். என்னோடு அமைச்சுப் பணியில் அமர்ந்து என்னோடே ஓய்வு பெற்றவர். ஊர்கள் பலவற்றுக்கு உடையவர். ஓய்வு பெற்றவர் சும்மா இருக்கலாகாதா? தலைநகரின் கீழைத் தெருவில் உழைப்போரும் எளியோரும் கூடித் தொடங்கிய சமனோர் மன்றத்தில் போய்ச் சேர்ந்தார். உயர்ந்தோர் தாழ்ந்தோர் இல்லை, பட்டங்களை வாயிலில் கழற்றிவிட்டு உள்ளே வருக, ஒருவரையொருவர் தோழர் என்று மட்டுமே அழைக்க என்பன அம்மன்றத்தின் விதிகள். நல்ல விதிகள். நானும் அவற்றை நம்பித்தான் பின்னாலேயே போய்ச் சேர்ந்தேன். அவர் போன பிறகு நான் போகாமல் இருப்பேனா?

அம்மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. பேச விரும்புபவர் முதலில் தாம் பட்ட துன்பம் ஒன்றைச் சொல்ல வேண்டும். துன்பப்பட்டவர் சொல்லுக்கே அங்கு முதல் மதிப்பு. விழுப்பரையர் எழுந்தார். சிறு வயதில் பாடம் ஒப்பிக்காததால் தந்தையார் ஒரு காலைப் பொழுது தம்மைப் பட்டினி போட்டதைச் சொன்னார். சொல்லிவிட்டு அழுதார். அவர் விட்ட கண்ணீரில் மன்றத்துத் தரை சேறாகி, இரண்டு குயவர்கள் அங்கேயே சக்கரத்தை இறக்கிப் பானை வனையத் தொடங்கினார்கள் என்றால் தாங்கள் நம்ப வேண்டும். கைதட்டல் எங்கள் கோபுரத்துப் புறாக்களைத் தங்கள் நாட்டுக்கே துரத்தியிருக்கும், வந்து சேர்ந்தனவா? அடுத்து நான் எழுந்து, முடிசூட்டு விழாவில் பட்டத்து யானை என் கால் விரலை மிதித்த பெருந்துயரை உரைத்தேன். ஒருவர் கொட்டாவி விட்டார். அன்று தொடங்கிய எரிச்சல் என் வயிற்றில் இன்னும் எரிகிறது. அதில் அரண்மனைக்கே சோறு வடிக்கலாம்.

இனிக் காரியத்துக்கு வருகிறேன். பேரரசர் மூன்றாண்டுக்கு ஒருமுறை பெருமுற்றத்தில் தம் ஆணைக்கு உட்பட்ட எல்லா நாட்டுக் குடிமக்களின் முறையீடும் கேட்பதைத் தாங்கள் அறிவீர்கள். இம்முறை மன்றத்தாரையும் அழைத்திருந்தார். யாரை அனுப்புவது என்று மன்றம் நெடுநேரம் வாதிட்டு, எவரும் விடுபடக்கூடாது என்னும் நல்லெண்ணத்தால், மூன்று வரிசை வகுத்தது: உழைப்போர் வரிசை, மகளிர் வரிசை, ஊருக்குப் புறத்தே ஒதுக்கப்பட்ட சேரியார் வரிசை. வரிசைக்கு ஒருவர் பேசுவார். ஒருவர் ஒரு வரிசையில் மட்டுமே நிற்கலாம். இதைக் கண்டுபிடித்தவர் விழுப்பரையரே. இதனினும் நேர்மையான ஏற்பாடு வானுலகிலும் இல்லை என்று எல்லோரும் அவரைத் தோளில் தூக்கினார்கள். நான் தூக்கவில்லை, முழங்கால்.

அன்று தங்கள் நாட்டிலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தார். பெயர் கொற்றி. அளத்தில் உழைப்பவர், பெண், சேரியில் பிறந்தவர். அளநாட்டுச் சேரிப் பெண்டிர் ஆண்டின் முதல் உப்பைக் கூலியின்றித் தலைச்சுமையாகத் தங்கள் பண்டசாலைக்குச் சேர்க்க வேண்டும் என்னும் பழைய கடமை தங்கள் ஆட்சியிலும் தொடர்கிறதன்றோ? இவ்வாண்டு அம்முறை கொற்றியின் தங்கை நாச்சிக்கு வருகிறது. நாச்சி நிறைசூலி. சென்ற முறை இன்னொரு நிறைசூலி சுமையோடு வழியிலேயே விழுந்தாள். தாயும் பிழைக்கவில்லை, பிள்ளையும் பிழைக்கவில்லை. வரும் முழுநிலவன்று நாச்சி சுமை தூக்க வேண்டும், அதற்குள் அக்கடமை நீங்க வேண்டும். கொற்றி கேட்டது இது ஒன்றே.

உழைப்போர் வரிசையில் போய் நின்றார். அவ்வரிசைக்குத் தலைவர் யாரென்று நினைக்கிறீர்கள்? விழுப்பரையர்! நிலத்தையெல்லாம் மகன் பெயருக்கு மாற்றிவிட்டதால் தாம் இப்போது நிலமற்றவர் என்பது அவர் வாதம். முதலில் உழைப்பவன் விடுதலை, அது கிடைத்துவிட்டால் பெண்டிர் விடுதலை தானே பின்னால் நடந்து வரும், ஆகவே மகளிர் வரிசைக்குப் போக என்று அவர் கனிவோடு உரைத்தார். அதற்குக் கொற்றி சொன்னதை, ஓலைக்கு அடுக்காதெனினும், சொன்னபடியே எழுதுகிறேன்: “பின்னால நடக்கதுதான் எங்க பொழப்பே, தோழர்சாமி. தலையில மூட்டையும் இருக்கும். நீங்க கொஞ்சம் வெரசா நடங்க.” தோழர்சாமி என்று ஒரு சொல் மன்றத்து விதியில் இல்லை. விழுப்பரையர் முகம் போன போக்கைக் காண நான் என் ஓய்வூதிய நெல் முழுவதையும் தந்திருப்பேன்.

மகளிர் வரிசையில் தலைநின்றவர் விழுப்பரையரின் தமக்கையார் கோதைப்பிராட்டியார். கைம்பெண்களுக்குச் சொத்துரிமை கேட்கப் போகிறவர். அதுவும் நியாயமான வழக்கே. ஆனால் அவர் கொற்றியின் கையைப் பற்றி, பெண்ணே, உன் துன்பம் சேரித் துன்பம், அதை மகளிர் துன்பத்தோடு கலந்தால் இரண்டும் கெடும் என்று அருளினார். பற்றிய கையைப் பிறகு பன்னீரில் கழுவினார் என்று நான் சொல்லமாட்டேன். பன்னீர் அல்ல, வெறும் தண்ணீர்தான்.

சேரியார் வரிசையில் பூதன் நின்றார். பொதுக்குளத்துப் பாதைக்காக அடிபட்டவர், மெய்யான தலைவர், அவரைப் பழிக்க என்னாலும் ஆகாது. அவரோ, “தங்கச்சி, நம்ம சனமே இப்பத்தான் ஒண்ணாக் கூடி நிக்கு. இந்த நேரத்துல ஆம்பளை பொம்பளைன்னு பிரிக்காத தாயி. இது அளத்து வேலை வழக்கு, உழைக்கிறவங்க வரிசையில போய்ச் சொல்லு” என்றார். கொற்றியும் விடவில்லை: “சரிண்ணே. நாளைக்கு அந்தக் குளத்துப் பாதை கெடச்சா, அதுல கொடத்தோட நடக்கப் போறது நீயா, மதினியா?” பூதன் தலை குனிந்தார். ஆனால் வரிசையில் இடம் விடவில்லை.

இவ்வாறு மூன்று வரிசைக்கும் உரியவருக்கு மூன்றிலும் இடமில்லாமல் போயிற்று. மூவரும் தீயவரல்லர் அரசியாரே. மூவரும் நியாயம் கேட்கப் போகிறவர்கள். தம் தம் நியாயத்தை இறுகப் பிடித்திருந்ததில் மூவர் கையிலும் வேறெதற்கும் இடமில்லை. இதை மன்றத்தில் எழுந்து சொன்னேன். யானை மிதித்த தோழர் அமர்க என்றார்கள்.

பொறாமை இருக்கிறதே, அது என்னைப் போன்ற கிழவரை நல்லவராகவும் ஆக்கிவிடும். பெருமுற்றத்து வாயிலில் எவ்வரிசை என்று கேட்டே உள்ளே விடுவார்கள். ஆனால் ஓய்ந்த அமைச்சருக்கு அவையில் ஆள் வைத்துத் தமக்குக் குடை பிடிப்பிக்கும் உரிமை இருக்கிறது. குடை பிடிப்பவரை ஒருவரும் எந்த வரிசை என்று கேட்பதில்லை, ஏனெனில் குடைக்குக் கீழே ஒரு மனிதர் இருப்பதாக எவரும் நினைப்பதில்லை. கொற்றியை என் குடை பிடிக்க அழைத்தேன். விழுப்பரையர் அவையில் அழுது முடித்ததும் நான் எழுந்து, தனியொருவனாய் இவ்வேழையை மீட்டேன் என்று முழங்குவதாகத் திட்டம். உரையைக் கண்ணாடி முன் பழகினேன். என்னைக் கண்டு நானே மயங்கினேன்.

அந்நாளும் வந்தது. விழுப்பரையர் பேசினார், கோதைப்பிராட்டியார் பேசினார், பூதன் பேசினார். அளநாட்டுப் பெண்டிரின் தலைச்சுமை பற்றி மூவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பேரரசர் எழப் போனார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தேன். அதற்குள் என் தலையில் வெயில் விழுந்தது. குடையைத் தரையில் வைத்துவிட்டுக் கொற்றி முன்னே நடந்திருந்தார்.

அவர் அங்கே பேசியதை வேண்டுமென்றே முழுவதும் எழுதாமல் விடுகிறேன். அவர் வாயாலேயே தாங்கள் கேட்கலாம். பேரரசர், நீ யாருடைய ஆள் என்று கேட்டதற்கு அவர் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். “நான் யாரு ஆளும் இல்ல சாமி. இந்த ஐயா குடையில வந்தேன், நெசந்தான். வேற வாசல் எதுவும் தெறக்கல. அதுக்காக ஐயாவோட ஆளு ஆயிருவேனா?” அவை சிரித்தது, பேரரசரும் சிரித்தார், என்னைப் பார்த்துத்தான். பிறகு கொற்றி தம் தங்கையைப் பற்றியும், வழியில் விழுந்து மாண்டவளைப் பற்றியும் சொல்லத் தொடங்கினார். அழவில்லை. ஒருவரும் சிரிக்கவுமில்லை. கோதைப்பிராட்டியார்தாம் முதலில் எழுந்து கொற்றியின் அருகே போய் நின்றார். பிறகு பூதன். விழுப்பரையர் கடைசியாக வந்தாலும் நடுவில் வந்து நின்றார். அக்கலை எனக்கு இந்தப் பிறவியில் கைவராது.

பேரரசர் கொற்றியின் பெயரைக் கேட்டார், ஊரைக் கேட்டார், மறுபடியும் பெயரைச் சொல்லிப் பார்த்தார். நாற்பது ஆண்டு அவர் அருகில் அமர்ந்திருந்தேன். இன்றும் என்னை எயினா, மாறா, ஏதோ ஒன்று என்றுதான் அழைக்கிறார். அந்த நாழிகை முதல் எனக்கு விழுப்பரையர் மேல் பொறாமை இல்லை. முழுவதும் கொற்றிக்கு மாற்றிவிட்டேன். என் பேச்சில் பாதிகூட நீளமில்லாத பேச்சு அது!

ஆதலால் பேரரசர் திருவாய்மலர்ந்த ஆணை வருமாறு. அளநாட்டுப் பெண்டிர் முதல் உப்பைத் தலைச்சுமையாகச் சுமக்கும் கடமை இவ்வோலை தங்கள் கையைச் சேரும் கணத்திலேயே ஒழிந்தது. வழியில் இருக்கும் சுமைகள் இருக்கும் இடத்திலேயே இறங்குக. பண்டசாலையின் எருதுகள் சென்று அவற்றை ஏற்றி வருக. இதை மீறும் பண்டசாலைக் காவலர் அவ்வுப்பைத் தாமே தலையில் சுமந்து தலைநகர் வரக் கடவர்.

இன்னுமொன்று. விழுப்பரையர் தம் பெயர் பொறித்த வெற்றித் தூணோடும் மேளத்தோடும் தங்கள் நகருக்குப் புறப்பட்டுவிட்டார். தூண் கனம், ஆகவே மெதுவாக வருகிறார். அவரை முந்தும்படி இவ்வோலையைக் கொற்றியின் கையிலேயே கொடுத்தனுப்பினேன். பல்லக்கு தருவதாகச் சொன்னேன். ஆளைச் சுமக்க வைத்துச் சுமை இறக்கப் போவதா என்று கேட்டுவிட்டு நடந்து போனார். தாங்கள் இதை வாசிக்கும் இக்கணத்தில் தங்கள் எதிரே நிற்பவர் அவரே. முழுநிலவு நெருங்குகிறது. ஓலையை முழுதும் வாசித்துவிட்டுத்தான் ஆணையிட வேண்டும் என்பதில்லை. நாச்சி எங்கே என்று முதலில் அவரிடம் கேட்டு ஆள் அனுப்புக.

கடைசித் தலையிலிருந்து கடைசி மூட்டை இறங்கும்வரை, இவ்வெற்றிக்காகத் தங்கள் நகரில் எவருக்கும் மாலை இடலாகாது என்பதும் பேரரசர் ஆணை. விழுப்பரையருக்கு இல்லை. மன்றத்துக்கு இல்லை. எனக்கும் இல்லை என்று எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன், இரண்டு முறை அழித்து.

இது பேரரசரின் கலப்பை முத்திரை பதித்து, அவர் காண என் கையால் கட்டிய ஓலை. அளநாடு வாழ்க, ஆணை நிறைவேறுக.