சான் கோனோ வரிசை

மே 27, 2002
மூடுபனி. வங்கியின் கண்ணாடிக்கு வெளியே ஊரே கரைந்து நிற்கிறது. மாத்தே தேநீரை உறிஞ்சிக்கொண்டே கணக்குப் பார்த்தேன். திடீரென்று வந்து கேட்கக்கூடிய ஒவ்வொரு நூறு பெசோவுக்கும் கையில் இருப்பது பன்னிரண்டு. மீதியெல்லாம் மாட்டுக்கடனாக மேய்ச்சல் வெளியில் திரிகிறது. வசந்தம் வராமல் திரும்பாது. தலைநகர் மோந்தேவிடேயோவில் ஜனங்கள் பணத்தை எடுக்கத் தொடங்கிவிட்டார்களாம். வாசலில் வந்து கேட்பவனுக்கு மாட்டையா அவிழ்த்துக் கொடுப்பது?

ஜூன் 1
அக்கா நோர்மா வீடு விற்ற பணம் முழுவதையும் எங்கள் வங்கியில்தான் போட்டிருக்கிறாள். "எடுத்துடட்டுமாடி?" என்று கேட்டாள். எடு என்றால் பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கப் பரவும். வேண்டாம் என்றால் பொய். சூப் ஆறுகிறது, சாப்பிடு என்றேன். சீ, என்ன ஜென்மம் நான்.

ஜூன் 2
கனவில் பெட்டக அறைக்குள் ஆறு ஓடியது. குனிந்து அள்ளினேன். கை நனையவே இல்லை.

ஜூன் 3
சூதாடிகளின் சாமி சான் கோனோவுக்குத் திருநாள். கோயில் வரிசை பனிக்குள் நீண்டு எங்கள் வாசலையும் தாண்டிப் போனது. போச்சு! எங்கள் வாடிக்கையாளர்கள் அதை வங்கி வரிசை என்று நினைத்து, ஓடிவந்து சேர்ந்துகொண்டார்கள். மேலாளர் ஒலெகாரியோ கதவைச் சாத்தப் போனார். சாத்தினால் வதந்தி உண்மையாகிவிடும் என்று சொல்லி இரண்டு கதவையும் விரியத் திறக்க வைத்தேன். கேட்டவர்களுக்கெல்லாம் சிரித்த முகத்தோடு கொடுத்தோம். பாதிப் பேர் வரிசையோடு போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். மாலையில் நூற்றுக்கு ஒன்பது. பிழைத்தோம்.

நோர்மாவையும் அந்த வரிசையில் பார்த்தேன். அவள் உள்ளே வரவில்லை.

ஜூன் 4
அக்காவிடம் கேட்டேவிட்டேன். "பணம் எடுக்கத்தான்டி வந்தேன். எது எந்த வரிசைன்னு தெரியல. நகர்ந்து நகர்ந்து சாமிகிட்ட போயிட்டேன். வந்ததுதான் வந்தோம்னு, உன் வங்கி நல்லா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன்."

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அப்போதாவது, நாளைக்கே வந்து எடுத்துக்கோக்கா என்று சொல்லியிருக்கலாமே.

ஜூலை 30
நாடு முழுக்க வங்கிகளை மூடச் சொல்லிவிட்டார்கள். எங்களிடம் நூற்றுக்கு இரண்டு.

ஆகஸ்ட் 5
மற்ற வங்கிகள் பல திறந்துவிட்டன. எங்கள் கதவில் அரசு முத்திரை. பனியில் வரிசை கோயில் வரைக்கும் போயிருந்தது. நோர்மா என்னைத் திட்டவில்லை. "இது எந்த வரிசைடி?" என்று மட்டும் கேட்டாள்.

அவளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.