பட்டியலில் எழுதாத ஒன்றேமுக்கால் ராத்தல்

புளியந்தோப்பு, சென்னை
பிரபவ வருஷம் ஐப்பசி மாதம் 20ந் தேதி

சிரஞ்சீவி ஜெயவேலுக்கு உன் நைனா எழுதிக்கொண்டது. புத்தம், தம்மம், சங்கம் என்ற மும்மணிகளின் துணையால் நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், மழைதான் அளவு மீறிப்போய் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கிறது. கரக்பூரில் உன் உடம்பு எப்படி, இருமல் நின்றதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று உன் அம்மா கேட்கச் சொல்கிறாள்.

உன் கடிதமும் அதோடு வைத்திருந்த பட்டியலும் செவ்வாய்க்கிழமை கிடைத்தன. கயாவில் ரயிலை விட்டு இறங்கி, புத்தகயை, ராஜகிருகம் பார்த்து, கங்கையைத் தாண்டிக் குசிநகரம், கடைசியில் லும்பினி என்று முந்நூறு மைல் நடக்கப்போவதாகவும், துணைக்கு வரதன் வருவதாகவும், மூட்டையில் எதை எடுக்கலாம் எதைத் தள்ளலாம் என்று நான் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். ராயபுரம் கூட்ஸ் ஷெட்டில் இருபத்தாறு வருஷமாக ஊரார் மூட்டையை எடை போடுகிறேன், சொந்த மகன் கேட்பது இதுதான் முதல் தடவை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி. பட்டியலில் கண்ட சாமான்களை, வீட்டில் இருந்ததை எடுத்தும் இல்லாததை இரவல் வாங்கியும் ஒரு கோணியில் கட்டி ஷெட்டுக்குக் கொண்டுபோய், சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தேன். கிளார்க் எத்திராஜ் பார்த்துவிட்டு, இன்னா கிருஷ்ணப்பா, வூட்ட காலி பண்ணிகினு காசிக்குக் கெளம்பிட்டியா என்று கேட்டார். கேட்கட்டும், அவருக்கும் பொழுது போக வேண்டுமே.

முதலில் பூட்ஸ். ஜோடி நாலரை ராத்தல் நின்றது. இரவல் கொடுத்தவர் தோல் கிடங்கு சௌக்கத் அலி, சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்குத் தைத்தவர். அவரே சொல்கிறார், முதுகு மூட்டையை காலையில ஒரு தபா தூக்கினா போதும், கால்ல மாட்டினத ஒவ்வொரு அடிக்கும் தூக்கணும், ஒன் பையன பேஜாரு பண்ணாம செருப்பு போட்டுகினு போவச் சொல்லு என்று. பழகிய செருப்பாக இருக்கட்டும், புதுசு வேண்டாம். அரிக்கேன் விளக்கும் ஒரு புட்டி எண்ணெயும் மூன்றேகால். அதைத் தள்ளு, இருட்டினால் படுக்க வேண்டியதுதானே, இருட்டில் நடந்து யாரைப் பிடிக்கப் போகிறாய். கம்பளி இரண்டு, ஐந்து ராத்தல். ஒன்று போதும், ஆனால் அது நெருக்கமாக நெய்ததாக இருக்கட்டும். ஒரு கம்பளியை மழையில் நனையவிட்டு மறுபடி தராசில் வைத்தேன், இரண்டு பங்குக்கு மேல் ஏறிவிட்டது. ஆகையால் இரண்டாவது கம்பளிக்குப் பதில் ஒரு மெழுகுத்துணி வாங்கி, முதல் கம்பளியை அதில் சுற்றிக்கொள். அரிசி நாலு ராத்தல். நெல் விளைகிற சீமைக்கு அரிசி சுமந்துகொண்டு போவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. ஒரு ராத்தல் அவலும் வெல்லமும் போதும், தீரத் தீர வழியில் வாங்கிக்கொள். உன் அம்மா நெத்திலிக் கருவாடு கட்டி அனுப்பட்டுமா என்று கேட்டாள். பகவான் பரிநிர்வாணம் அடைந்த இடத்துக்குக் கருவாட்டோடு போவார்களா என்றேன். காய்ந்தது எடையே இருக்காது என்று எனக்கே எடை சொல்லிக் கொடுக்கிறாள். எடை இல்லைதான், வாசனையை நிறுக்கத்தான் என்னிடம் கல் இல்லை.

இப்படித் தள்ளிக்கொண்டே வந்ததில் மூட்டை பத்து ராத்தலுக்குள் அடங்கிவிட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு, போர்த்துகிற கம்பளியையும் தின்கிற அவலையும் ஓரமாக வைத்துவிட்டு மிச்சம் என்ன என்று பார்த்தேன். மூன்று துணி, ஒரு மரக் கப்பரை, இடைவார், சவரக்கத்தி, ஊசி, தண்ணீர் வடிகட்டுகிற சீலை. எட்டு சாமான். போன வருஷம் நம் பௌத்த சங்கத்துக்குச் சிங்களத்திலிருந்து வந்த பிக்கு, பாயின் மேல் தன் உடைமையைப் பரப்பிக் காட்டி, பிக்குவானவனுக்கு உலகத்தில் சொந்தம் இந்த எட்டுதான் என்று விரல் விட்டு எண்ணினாரே, நீயும் என் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தாய். பூட்ஸும் அரிசியும் மேலே இருந்தவரைக்கும் அது கண்ணில் படவில்லை. உனக்கோ கத்தி பிடித்து முகம் வழிக்கவே தெரியாது, வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை கடைக்குப் போகிறவன் நீ. அன்று சாயங்காலமே வரதனின் அம்மா குப்பம்மா குழாயடியில் உன் அம்மாவிடம், வரதன் போக வர இரண்டுக்கும் ரயில்வே பாஸ் வாங்கியிருப்பதாகவும், ஜெயவேல் போவதற்கு மட்டும் வாங்கியிருப்பதாகவும் மகன் எழுதினான் என்று சொல்லியிருக்கிறாள். அவள் வம்புக்குச் சொல்கிறவள் இல்லை. நீ திரும்பி வருகிற உத்தேசத்தில் போகவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

போன மாசியில் ராஜாத்தியைக் காலரா கொண்டுபோனதிலிருந்து நீ இந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டது பத்து நாள் இருக்காது. வைகாசியில் கரக்பூருக்கு வேலை மாற்றிக்கொண்டு போனபோது, இடம் மாறினால் மனசு ஆறும் என்று நானே எல்லோரிடமும் சொன்னேன். பெண்டாட்டி போனால் துறவியாகிவிடுவதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பிள்ளை பிக்குவானால் பெற்றவர்கள் அழக்கூடாது என்று சங்கத்தில் சொல்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர்களின் பிள்ளைகளெல்லாம் அவரவர் வீட்டில்தான் இருக்கிறார்கள்.

இன்னொன்று இருக்கிறது. பட்டியலின் அடியில், மொத்த மூட்டையையும் ரயில்வே ஒர்க்ஷாப் தராசில் வைத்தேன், இருபத்து மூன்றரை ராத்தல் நின்றது என்று நீயே எழுதியிருக்கிறாய். நான் இங்கே நிறுத்துக் கூட்டியது இருபத்தொன்றேமுக்கால். கம்பளிக்குக் கம்பளி நாலு அவுன்ஸ் வித்தியாசப்படலாம், ஒன்றேமுக்கால் ராத்தல் வித்தியாசப்படாது. பட்டியலில் எழுதாமல் உள்ளே ஒன்றை வைக்கிற வியாபாரிகளை நான் தினம் பார்க்கிறவன். வீட்டுக்கு வந்து அலமாரியைப் பார்த்தேன். ராஜாத்தி சீராகக் கொண்டுவந்த பித்தளைச் சொம்பு ஜோடியில் ஒன்றுதான் இருக்கிறது. மற்றதை வளைகாப்புக்கு இரவல் வாங்கின பக்கத்து வீட்டுச் சொக்கம்மாள் திருப்பித் தரவில்லை என்று உன் அம்மா வைகாசியிலிருந்து அவளோடு பேச்சையே நிறுத்தியிருக்கிறாள். இருக்கிற சொம்பை மறுநாள் ஷெட்டுக்கு எடுத்துப்போய் வைத்தேன். ஒன்றேமுக்கால், முள் அசையவில்லை. தராசடியில் நின்று அழுதுவிட்டேன். எத்திராஜ் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார், நல்ல மனுஷன்.

உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அந்தச் சொம்பைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, அவ சொம்ப தூக்கிகினு போறவன் சாமியாராவ மாட்டான், வருவான் என்றாள். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை, ஆனால் இந்த இரண்டு நாளாக அந்த ஒன்றேமுக்காலைத்தான் நானும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். சொக்கம்மாளிடம் போய் மன்னிப்புக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். மழை விடட்டும் என்கிறாள், பக்கத்து வீட்டுக்குப் போக மழை விட வேண்டுமாம்.

ஜெயவேலு, இனிமேல் நான் சொல்வதைக் கேட்டுக்கொள். சொன்னபடி எல்லாவற்றையும் குறை, அந்தச் சொம்பை மட்டும் குறைக்காதே. துணிக்குள் சுருட்டி ஒளிக்க வேண்டாம், வெளியே எடுத்து அதில் தண்ணீர் மொண்டு குடி, வரதனுக்கும் கொடு. பெற்றவர்கள் உத்தரவு இல்லாமல் பிக்கு சங்கத்தில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும், கேட்கக் கூசித்தான் பட்டியலை அனுப்பினாய் என்று நினைக்கிறேன். எங்கள் உத்தரவு இந்தக் கடிதத்தில் இருக்கிறது, இதையே காட்டிக்கொள். முழு மனசோடு கொடுக்கிறேன் என்று எழுதினால் பொய்யாகும், பொய் எடை எழுதி எனக்குப் பழக்கம் இல்லை. அங்கேயே இருந்துவிடுவது என்று முடிவு செய்தால் பிக்குவுக்கு அந்தச் சொம்பு ஆகாது. யாரிடமும் கொடுத்துவிடாமல் ராயபுரத்துக்குப் பார்சல் போடு. கடிதம் வேண்டாம், சொம்பு என் கைக்கு வந்தால் புரிந்துகொள்வேன், உன் அம்மாவுக்கும் நானே பக்குவமாகச் சொல்லிவிடுவேன்.

காலில் கொப்புளம் வந்தால் உடைக்காதே, ஊசியில் நூல் கோத்து ஓரமாகக் குத்தி நூலை அப்படியே விட்டுவிடு. கங்கையில் படகு ஏறும்போது நடுவில் உட்கார். நீ நோய் நொடி இல்லாமல், போன காரியம் கைகூடி, நல்ல வழியிலேயே நடக்க எங்கள் இருவருடைய ஆசீர்வாதம். வரதனுக்கும் சொல்.

ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். சொம்பைப் பார்சலில் போட்டால் எடையைச் சரியாக எழுது. கையில் எடுத்து வந்தால் எடை போட வேண்டியதில்லை, நேரே அலமாரியில் வைத்துவிடலாம், இடம் அப்படியே இருக்கிறது.

உன் வரவைப் பார்த்திருக்கும் நைனா,
கிருஷ்ணப்பன்