முதுகு தெரியாத பொம்மை

செவ்வாய் இரவு. நிக்கோபாரின் கட்சால் தீவு, கெஸ்ட் ஹவுஸ்.

கோயில் வெண்கலச் சிலைகளின் முதுகை ஆராய்ந்தே கலை வரலாற்றுப் பேராசிரியர் ஆனவள் நான். முன்பக்கம் கும்பிடுகிறவர்களுக்கானது; செய்தவன் கை முதுகில்தான் தெரியும். இன்றைக்கும் அந்தப் புத்திதான். ஒரு நிக்கோபாரி வீட்டு வாசலில், சுவரோடு ஒட்டிக் கடலைப் பார்த்து நின்ற மரக் காவல் பொம்மையை நானே பிடித்துத் திருப்பினேன்.

வீட்டுக்கார அம்மா ஹிந்தியில் கத்தினார். பேச்சுத் துணைக்குக் கூட வந்த, தீவின் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்யும் செல்வி தமிழில் சொன்னாள்: "மேடம், அது மூஞ்சியக் கடல விட்டுத் திருப்பக் கூடாதாம். திருப்புனவங்களையே பாத்துக்கிட்டு இருக்குமாம். இன்னைக்கே கப்பல் ஏறிடச் சொல்றாங்க."

சிரித்துக்கொண்டே படம் எடுத்தேன். பழையபடி திருப்பியும் வைத்தேன். அந்த அம்மா சிரிக்கவில்லை.

இப்போதுதான் கேமராவைப் பார்த்தேன். முன்பக்கம், இடம், வலம் எல்லாம் சரி. கடைசிப் படத்தில் பொம்மையின் காலடியில் நான் வைத்த 'முதுகு' என்ற அட்டை அப்படியே இருக்கிறது. அதற்கு மேலே முகம். சிப்பிக் கண்கள் நேராக என்னைப் பார்க்கின்றன.

அடுத்த கப்பல் வியாழக்கிழமைதான்.

இந்த அறையில் மேஜையைச் சுவரைப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். கதவுப் பக்கம் இருப்பது என் முதுகு.