கையை வைக்க ஓரிடம்

அன்புத் தங்கச்சிக்கு,

நான் பாஸாகிவிட்டேன். இருபது வருடம் சமூகப் பணியாளராக வேலை பார்த்தவள், இந்த மனநல மேற்படிப்பின் நேர்காணல் தேர்வில் போன மாதம் தோற்றுப்போனேன். அதை உன்னிடம் சொல்லவில்லை. இன்றும் தோற்றிருந்தால் ஒரு வருடமே வீணாகியிருக்கும்.

தேர்வில் வகுப்புத் தோழர் ஒருவர் நோயாளியாக நடிப்பார்; நாம் அவரிடம் பேச வேண்டும். மற்றவர்கள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து பார்ப்பார்கள். எனக்கு வாய்த்தவர் நடித்தது, விபத்துக்குப் பிறகு வேலைக்கே போகாத பஸ் டிரைவராக. நாலே நிமிடத்தில் அவருக்கு மறுபடி வேலையில் சேர விண்ணப்பம் எழுதி, உதவி கேட்க மூன்று போன் நம்பரும் கொடுத்துவிட்டேன்.

"அவரு இன்னும் வாயே திறக்கலம்மா. அதுக்குள்ள டியூட்டிக்கே அனுப்பிட்டீங்களே!" என்றார் பேராசிரியர். கண்ணாடிக்குப் பின்னால் ஒரே சிரிப்பு.

இன்றும் அதே டிரைவர்தான். பேனாவை எடுத்துவிடாதபடி இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சுவர்க் கடிகாரத்தில் மூன்று நிமிடம் போனது. பிறகு அவரே ஆரம்பித்தார்: "ஹாரன் சத்தம் கேட்டா சாப்பாடு இறங்க மாட்டேங்குது மேடம்."

முடிந்ததும் பேராசிரியர், "பாஸ். கையை எடுங்கம்மா, மரத்துப் போயிருக்கும்" என்றார்.

நீ வேலையை விட்டுவிட்டு என் வீட்டுக்கு வந்த அன்று, டீ ஆறுவதற்குள் நாலு வேலை விளம்பரங்களை வெட்டி உன்னிடம் நீட்டினேன். பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனாய். எட்டு மாதமாகிறது. ஏன் விட்டாய் என்று நான் கேட்கவே இல்லை.

ஞாயிறு காலை வருகிறேன். பேனாகூடக் கொண்டுவர மாட்டேன். ஒரு நாற்காலி மட்டும் போடு. கையை எங்கே வைப்பதென்று எனக்கு இப்போது தெரியும்.

உன் அக்கா