நாற்பத்தேழாம் பக்கத்து அட்டை

லோரெய்ன், ஒஹாயோ
ஏப்ரல் 18, 2021, ஞாயிறு

அன்புள்ள மகள் ரோண்டாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் எழுந்து நடமாடுகிறேன், சாப்பாடு ஏதோ இறங்குகிறது, நாய் டியூக்கும் பரவாயில்லை. அங்கே அலாஸ்காவில் நீயும் மாப்பிள்ளை கிளிண்ட்டும் இருமல் காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்க வேண்டும், இந்தக் கடிதம் பனியில் எங்கேயும் மாட்டிக்கொள்ளாமல் உன் கையில் கிடைக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். எனக்கு இரண்டாவது ஊசியும் போட்டாகிவிட்டது, கை இரண்டு நாள் தூக்க முடியவில்லை, இப்போது சரி. பள்ளிக்கூடச் சமையலறையில் அடுத்த மாதம் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள். போவேன். வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்கு அங்கே நூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசிக்கலாம்.

செவ்வாய்க்கிழமை போனில் நீ கத்தினாய், நானும் கத்தினேன், அப்புறம் நீ வைத்துவிட்டாய். எனக்குப் போனில் பேச வராது ரோண்டா, நான் ஒரு பேச்சைத் தொடங்கி அது முடிகிற இடத்துக்கு வருவதற்குள் நீ சரிம்மா விடும்மா என்று சொல்லிவிடுகிறாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன். பத்தாவதோடு நின்றவள் எழுத்து எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும், கிளிண்ட்டிடம் காட்டிச் சிரிக்காதே. நீ கேட்டது இதுதானே, "அந்த மனுஷன் டொலிடோவிலேர்ந்து ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டிக்கிட்டு வந்திருக்காரும்மா, நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தே, அட்டப்பெட்டி எடுத்தாறேன்னு கார் ஷெட்டுக்குப் போயிட்டு வந்து வெளிய போடான்னு கத்தினியாமே, அந்த அஞ்சு நிமிஷத்துல உனக்கு என்னம்மா ஆச்சு?" அந்த ஐந்து நிமிஷத்தில் என்ன ஆச்சு என்று எழுதத்தான் இந்தக் கடிதம். ஆனால் அதற்கு முன்னால் நடந்தது உனக்குத் தெரியாது, நான் உன்னிடம் மறைத்துவிட்டேன். அப்பா என் மேல் கோபத்தோடுதான் போனார் என்று இந்த நாலு மாதமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோபத்துக்குக் காரணம் நான்தான்.

போன வருஷம் தொழிற்சாலையை மூடி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார்களே, அப்போது முதல் வாரம் அப்பா கதவு கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டார், இரண்டாம் வாரம் எண்ணெய் விட எதுவும் இல்லை. மூன்றாம் வாரம் கீழ் அறையில் குடைந்து அந்தப் பழைய செருப்புப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார், சின்ன வயதில் சேர்த்த, ஆட்டக்காரர்கள் படம் போட்ட பேஸ்பால் அட்டைகள். 1978ஆம் வருஷத்து அட்டைகள் மொத்தம் எழுநூற்று இருபத்தாறாம், பதினொரு வயதில் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்தாராம், அவர் பட்டாளத்துக்குப் போனபோது உன் பாட்டி பாதியைக் குப்பையில் போட்டுவிட்டாள். அதைத் திரும்பச் சேர்க்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டார். ஐம்பத்துமூன்று வயது ஆள் சமையல் மேஜையில் அட்டைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் எவன் எவனோடோ பேரம் பேசிக்கொண்டிருந்தார், எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது எரிச்சலாகவும் இருந்தது. ஊரே அப்படித்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் பெரிய கடையில் புது அட்டைகள் கொண்டுவந்து வைப்பார்கள் என்று வாசலில் ஐம்பது ஆம்பிளைகள் நின்றார்கள், ஒரு தரம் அப்பாவும் போய் நின்றார், இரண்டு பேர் ஒரு பெட்டிக்காகத் தரையில் உருண்டார்களாம், இவர் ஒரு பாக்கெட் சூயிங்கம் வாங்கிக்கொண்டு வந்தார். அட்டைதான் கிடைக்கல, பப்பிள்கம்மாவது மெல்லுவோம் என்று சொன்னார். இனிமேல் அந்தக் கூட்டத்துக்குப் போனால் வீட்டுக்குள் விட மாட்டேன் என்றேன், அவருடைய நெஞ்சு எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும், பத்து வருஷம் பெயிண்ட் பகுதியில் நின்ற நெஞ்சு.

அக்டோபருக்குள் எல்லாம் சேர்ந்துவிட்டது, ஒன்று மட்டும் இல்லை. நானூற்றுப் பதினேழாம் எண். லெனி டபோர் என்று ஒருத்தன், ஒரே வருஷம் ஆடினான், பெரும்பாலும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான். பெரிய ஆட்டக்காரன் அட்டை எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கிறது, இவனுடையது தபால் செலவுக்குக்கூடப் பெறாது என்று எவனும் விற்பனைக்கே போடுவதில்லை. "நல்லவனெல்லாம் கிடைக்கிறான் டெல்லா, இந்த உதவாக்கரைதான் கையில சிக்க மாட்டேங்கிறான்" என்று தினமும் புலம்புவார். கடைசியில் நெப்ராஸ்காவில் ஹோமர் லிண்ட்க்விஸ்ட் என்கிற வயசாளி ஒருத்தர் அனுப்பினார். அது வந்தது நவம்பர் இருபத்தொன்றாம் தேதி.

என் சட்டம் உனக்குத் தெரியும், உனக்கும் நான்தானே சொல்லிக்கொடுத்தேன். தபாலில் வருவது எதுவாக இருந்தாலும் கார் ஷெட்டில் அட்டைப்பெட்டிக்குள் மூன்று நாள் கிடக்க வேண்டும், பிரிக்கிற தேதியை மேலே எழுத வேண்டும். கடைச் சாமான் என்றால் ப்ளீச் தண்ணீரில் துடைத்துத்தான் உள்ளே வர வேண்டும். அன்றைக்கு அப்பா "இதுக்கு மட்டும் விடு டெல்லா, நாப்பது வருஷமாக் காத்துக்கிட்டிருக்கேன், இன்னும் மூணு நாளா?" என்று கெஞ்சி அங்கேயே பிரித்துவிட்டார். அட்டையைச் சமையல் மேஜையில் வைத்துவிட்டு ஆல்பம் எடுக்கக் கீழே போனார். நாம் சாப்பிடுகிற மேஜையில் அது கிடக்கிறது ரோண்டா, நெப்ராஸ்காவில் யார் யார் கை பட்டதோ. ப்ளீச் துணியை எடுத்து நன்றாகத் துடைத்தேன், முன்பக்கம் பின்பக்கம், ஓரம் ஓரமாக. துடைத்துத் தட்டுகளுக்கு நடுவில் நிமிர்த்திக் காய வைத்தேன். அவ்வளவு பொறுப்பாக நான் எதையும் செய்ததில்லை.

அவர் மேலே வந்து பார்த்தார். மினுமினுப்பு போய் அந்த ஆளுடைய முகம் பனி படிந்த கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது, தொப்பியின் சிவப்பு கழுத்துக்கு இறங்கிவிட்டது. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். "எங்கம்மா பாதியக் குப்பையில போட்டா, எம் பொண்டாட்டி மிச்சத்தக் கழுவிட்டா" என்று மட்டும் சொன்னார், சொல்லிவிட்டு அந்த வெளுத்துப்போன அட்டையை அப்படியே ஆல்பத்தில் நாற்பத்தேழாம் பக்கத்தில் மேல் வரிசையில் மூன்றாவது பையில் செருகி மூடினார். நான் மன்னித்துக்கொள் என்று சொல்லவில்லை. உன் நெஞ்சுக்காகத்தானே செய்தேன், ஒரு காகிதத்துக்காக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறாயே என்றுதான் சொன்னேன். அதற்கப்புறம் பன்னிரண்டு நாள், நன்றித் திருநாள் அன்றைக்குக்கூட, அவர் சரியாகப் பேசவில்லை, சாப்பிட்டதும் கீழ் அறைக்குப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொள்வார். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் போகிறார் என்று நான் மேலே பாத்திரங்களை ஓசைப்படத் தேய்ப்பேன். டிசம்பர் நாலாம் தேதி மூச்சு வாங்க ஆரம்பித்தது, ஆம்புலன்ஸ் வந்தது, என்னை ஏற விடவில்லை. ஏற்றும்போது கையைத் தூக்கி என்னமோ காட்டினார், கார் ஷெட் பக்கம். எனக்கு அது போ போ என்கிற மாதிரி இருந்தது. அதற்கப்புறம் அவரை உயிரோடு நான் பார்க்கவில்லை. கடைசி வாரம் ஒரு நர்ஸ் பெண் போனை அவர் காதில் வைத்தாள், அட்டைக்காக மன்னிச்சுக்கோ வெண்டல் என்று சொன்னேன், அவர் வாயில் குழாய் இருந்தது, கேட்டதோ இல்லையோ.

இப்போது டிவியில் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? இரண்டு வாரமாகச் சொல்கிறார்கள். சாமான்களைத் துடைத்ததெல்லாம் பெரும்பாலும் வீண் வேலையாம், அந்த நோய் காற்றில்தான் பரவுகிறதாம். எவ்வளவு சாவதானமாகச் சொல்கிறான் அந்த டை கட்டினவன்! வாழைப்பழத்தைக் கூடச் சோப்புப் போட்டுக் கழுவினேனே, என் விரலெல்லாம் தோல் உரிந்து கிடந்ததே, அதை எவன் வந்து திருப்பிக் கொடுப்பான்? தடுக்க வேண்டிய எதையும் நான் தடுக்கவில்லை, தேவையே இல்லாத ஒன்றைச் செய்து அவர் மனதை உடைத்தேன். செருப்பை எடுத்து டிவியில் எறிந்தேன், படவில்லை.

இந்த மனநிலையில் இருக்கும்போதுதான் பத்தாம் தேதி சனிக்கிழமை நீங்கள் அனுப்பின அந்த அட்டை வியாபாரி டோரன்ஸ் வந்தார். வெள்ளைக் கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார், மரியாதையான ஆள்தான், நான் பொய் சொல்லவில்லை. நாற்பத்தேழாம் பக்கத்தில் நின்றார். "என்னங்க மேடம் இது, இந்தாளு வாஷிங் மெஷின்ல விழுந்து எந்திரிச்ச மாதிரி இருக்காரு?" என்று சிரித்தார். அந்த ஒன்றை இரண்டு விரலால் உருவி என் முன்னால் வைத்து, "இது குப்பைங்க, இத நீங்களே வச்சுக்குங்க, மத்ததெல்லாம் நான் எடுத்துக்கறேன், காலிப் பெட்டி ஏதாச்சும் இருக்குங்களா?" என்றார். எடுத்துக்கொண்டு தொலையட்டும், அந்த ஆல்பம் கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்றுதான் பெட்டி எடுக்கப் போனேன்.

கார் ஷெட்டில் டியூக்கின் தீனி மூட்டைக்குக் கீழே ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. இழுத்தால் அது என்னுடைய தபால் பெட்டி. அப்பா போன பிறகு நான் எதையும் மூன்று நாள் வைக்கவில்லை, யாரைக் காப்பாற்ற? அந்தப் பெட்டியை மறந்தே போய்விட்டேன். உள்ளே கரண்ட் பில் ஒன்று, விதைக் கடைப் புத்தகம் ஒன்று, கெட்டியான சின்னக் கவர் ஒன்று. கவரில் அப்பா கையெழுத்தில் பட்டைப் பேனாவால் எழுதியிருந்தது, வந்தது டிசம்பர் 2, பிரிக்கிற நாள் டிசம்பர் 5. என் சட்டத்தை அவர் ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறார், நான் பார்த்துவிடாமல் அடியில் ஒளித்தும் வைத்திருக்கிறார். நின்றபடியே பிரித்தேன். லெனி டபோர். புதுசு மாதிரி, சிவப்புத் தொப்பி, பல்லெல்லாம் தெரிகிறது. கூடவே ஒரு இரும்புக் கடை ரசீதின் முதுகில் அந்த நெப்ராஸ்கா கிழவர் எழுதியிருந்தார். அப்படியே எழுதுகிறேன்:

"தம்பி வெண்டல், நீங்க கேட்ட இன்னொன்னும் எங்கிட்ட இருந்துச்சு, இதுக்குக் காசு வேணாம். டபோர் அட்டையை ஒரே மாசத்துல ரெண்டு தடவை கேட்ட ஆளு ஒலகத்துலயே நீங்க ஒருத்தருதான், அவனப் பெத்தவகூடக் கேட்டிருக்க மாட்டா. ஒங்க வீட்டுக்காரம்மா வாழைப்பழத்தையும் விடுறதில்லைன்னு எழுதியிருந்தீங்களே, சிரிச்சு சிரிச்சுப் பல்செட்டு கழண்டுருச்சு. எம் பொண்டாட்டி இருந்திருந்தா அவளும் கழுவியிருப்பா. அவங்க மனசு சங்கடப்படுதுன்னு சொன்னீங்க, நீங்க போட்ட திட்டமே நல்லாருக்கு, அவங்களுக்குத் தெரியாம மாத்தி வச்சிட்டு கிறிஸ்துமஸ் அன்னிக்கு ஆல்பத்தத் தொறந்து காட்டுங்க. தானா கொணமாயிருச்சு பாருன்னு சொல்லுங்க. மூஞ்சி எப்படிப் போச்சுன்னு எனக்கு எழுதணும், மறந்துராதீங்க."

இதுதான் அந்த ஐந்து நிமிஷம். உள்ளே வந்தேன், அந்த ஆள் ஆல்பத்தை மூடிக் கையில் எடுத்து வைத்திருந்தார், கீழே வை என்று கத்தினேன், வெளியே போகச் சொன்னேன். அவர் மேல் தப்பு இல்லை, நான் மன்னிப்புக் கேட்டதாகக் கிளிண்ட்டைச் சொல்லச் சொல். ஆனால் ஆல்பம் விற்பனைக்கு இல்லை, இன்றைக்கும் இல்லை நான் போன பிறகும் இல்லை.

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. எனக்கு உன் அப்பா மேல் இப்போதுதான் கோபம் கோபமாக வருகிறது. கூடவே படுத்து எழுந்தவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, முகம் தெரியாத நெப்ராஸ்காக்காரருக்கு எல்லாம் எழுதியிருக்கிறார். நான் மேலே பாத்திரத்தைப் போட்டு உடைக்கிறேன், இவர் கீழே உட்கார்ந்து எனக்கு விளையாட்டுக் காட்டத் திட்டம் போடுகிறார். கோபம் இல்லை டெல்லா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கிறிஸ்துமஸ் வரைக்கும் நேரம் இருக்கிறது என்று இருந்துவிட்டார், எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கிறது என்று நினைக்கிற மனுஷன். அந்தப் பன்னிரண்டு நாளை யாரிடம் கேட்டு வாங்குவேன் சொல்.

சரி. அவர் போட்ட திட்டத்தை நான் முடித்துவிட்டேன். புது அட்டையை நாற்பத்தேழாம் பக்கத்தில் வைத்தாகிவிட்டது, எழுநூற்று இருபத்தாறும் இருக்கிறது. லிண்ட்க்விஸ்ட்டுக்கும் எழுதிவிட்டேன், மூஞ்சி எப்படிப் போச்சு என்று கேட்டாரே, அதற்குப் பதில் போட வேண்டாமா. நான் கழுவின அட்டை இந்தக் கடிதத்தோடு கெட்டி உறைக்குள் இருக்கிறது. அது உனக்கு. குப்பை என்று யார் சொன்னாலும் சிரித்துக்கொள். பின்பக்கம் பார், அவன் ஆடினது மொத்தம் பதினொரு ஆட்டம் என்று இன்னும் படிக்க முடிகிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, பனி விடாத ஊரில் வண்டியை வேகமாக ஓட்டாதே, செவ்வாய்க்கிழமை நான் பேசினதை மனதில் வைத்துக்கொள்ளாதே. கிளிண்ட்டோடு எதற்காவது சண்டை என்றால், சமாதானம் ஆனதை அன்றைக்கே வாயால் சொல்லிவிடு. கடவுள் உங்கள் இரண்டு பேருக்கும் நல்ல மூச்சும் நீண்ட ஆயுசும் கொடுக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே ரோண்டா, நான் சொல்லிக்கொடுத்த அந்தச் சட்டத்தை இன்றோடு விட்டுவிடு, இந்த வீட்டிலிருந்து எது வந்தாலும் வந்த அன்றைக்கே பிரி.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா
டெல்லா ஹாசெக்