தோற்றவளுக்கு இனிப்பு மாலை

தோற்றுப்போன ஒருத்திக்கு எதற்காக மாலை போடுகிறார்கள்? இந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றும் விடை இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நேற்று என் சாம்பல்நிறக் குளிர்க்கோட்டை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று எடுத்துப் பைகளைத் துழாவியபோது ஒரு டொபி அகப்பட்டது. கண்ணாடித்தாளில் சுற்றி, இரண்டு பக்கமும் சிவப்பு நாடாவால் முடிந்திருந்த டொபி. சப்பையாகித் தாளோடு ஒட்டிப்போயிருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். அந்தப் பொய்யான ஸ்ட்ரோபெரி வாசனை இன்னும் போகவில்லை. வாசிக்க ஆளில்லாத கடிதங்களை எழுதுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் உமக்கு நான் என் வாயால் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

நீரும் நானும் லண்டனில் ஒரே பல்கலைக்கழக விடுதியில் பழகியவர்கள். படிப்பு முடிந்து நீர் மருந்தாளரானீர்; பசிபிக் தீவான சமோவாவைச் சேர்ந்த ஒருவரைக் கல்யாணம் செய்தீர். நான் கவுன்சிலில் எண்களோடு வேலை செய்துகொண்டு தனியே இருந்தேன். உம்முடைய கணவர் இறந்த பிறகு மகள் மலியாவைத் தனியாக வளர்த்தீர். பிறகு உமக்கே நோய் வந்தது. அப்போது மலியாவுக்குப் பதினாறு வயது. உமக்குப் பிறகு அவள் எங்கே இருப்பது? லண்டனின் மிச்சம் பகுதியில் என்னோடா, ஸ்ட்ரெதமில் தகப்பனின் அக்கா சினாவோடா? அந்த வருடம் நாம் வேறு எதைப் பேச உட்கார்ந்தாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்போம்.

விடை எனக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன். சினா வீட்டில் நான்கு பிள்ளைகள், ஓயாத சத்தம், ஞாயிறு முழுவதும் தேவாலயம். என் வீட்டில் புத்தகங்கள், அமைதி, ஒரு சின்ன அறை. படிக்கிற பிள்ளைக்கு வேறென்ன வேண்டும்?

பள்ளிக்கூடப் பெண்களுக்கான ரக்பி இறுதிப்போட்டிக்கு நீர் என்னைக் கூட்டிப்போனது அதனால்தான். நான் கார் ஓட்டினேன். பக்கத்தில் நீர், மடியில் மட்டன் ரோல்ஸ் பெட்டியோடு.

“மட்ச்சைப் பாக்காதையும். ஆக்களைப் பாரும்,” என்றீர். “பாத்திட்டு, பிள்ளை எங்க இருந்தா நல்லம் எண்டு எனக்குச் சொல்லும்.”

“ஒரு நாளைப் பாத்து என்னெண்டு சொல்லுறது?”

“உம்மட ஆராய்ச்சி முடியுமட்டும் இருக்க எனக்கு நாள் இல்லையப்பா.”

அதற்குப் பிறகு என்னால் மறுக்க முடியவில்லை.

மலியாவின் அணியில் சமோவாப் பிள்ளைகள் இரண்டே பேர். கரையில் நின்ற கூட்டத்தைப் பார்த்தால் பதினைந்து பேரும் அவர்களுடைய பிள்ளைகள் என்றுதான் தோன்றும். குளிர் ஜக்கெட்டுக்குக் கீழே பூப்போட்ட சாரம் கட்டிய ஆண்கள். வெறும் பிஸ்கட் தகரத்தை இரண்டு தடிகளால் அடித்துக்கொண்டிருந்த ஒரு மாமா. கிழவர்கள் முன்வரிசைக் கதிரைகளில் இருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் போக வேண்டிய ஒவ்வொருவரும், சிறுபிள்ளை உட்பட, முதுகை வளைத்து ஏதோ மன்னிப்புச் சொல்லிக்கொண்டு போனார்கள். தேநீர் வாங்கப் போன நானும் என்னை அறியாமல் குனிந்துவிட்டேன். நீர் அதைக் கண்டு சிரித்தீர்.

சினா என்னை எப்போதும் ‘புரொபசர்’ என்றுதான் கூப்பிடுவார். நான் புரொபசர் இல்லை என்று அன்றும் சொன்னேன்.

“முகத்தைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது,” என்றவர் ரோல்ஸ் பெட்டியை உம்மிடமிருந்து வாங்கித் திறந்தார்; காலியாகும்வரை மூடவேயில்லை.

விளையாட்டு எனக்கு அரைகுறையாகத்தான் விளங்கியது. கோட்டைத் தாண்டிப் பந்தை நிலத்தில் அழுத்தினால் ஐந்து புள்ளி என்று நீர் சொல்லித்தந்தீர். கடைசி நிமிடத்தில் மலியாவின் அணி நான்கு புள்ளி பின்னால் நின்றது. அப்போது பந்து அவளிடம் வந்தது. ஓடினாள். முன்னால் ஒருவரும் இல்லை. கோட்டையும் தாண்டிவிட்டாள். குனிந்து பந்தை வைக்கப்போகும் கணத்தில் அது கையிலிருந்து நழுவி முன்னால் உருண்டது. விசில் ஒலித்தது. அவ்வளவுதான். எதிரணிப் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் பாய்ந்தார்கள். மலியா புல்லில் முகத்தைப் புதைத்துக் கிடந்தாள்.

அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். நான் படித்த காலத்தில் வலைப்பந்துப் போட்டியில் தோற்று வீட்டுக்கு வந்த நாளில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாட்டுக் கோப்பையை முன்னால் வைத்துவிட்டு எல்லோரும் வேறு கதை கதைத்தார்கள். அதைக் கருணை என்றுதான் நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே தகரம் மறுபடி முழங்கியது. ஒரு கிழவி பாட்டெடுக்க, மற்றவர்கள் குரல் குரலாகச் சேர்ந்து பாடிக்கொண்டு மைதானத்துக்குள் நடந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் மாலைகள். டொபி, சொக்லேட், உருளைக்கிழங்குச் சிப்ஸ் பைகள்கூடக் கோத்தவை. மலியாவை எழுப்பி உட்காரவைத்து ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டார்கள். கடைசியில் அவளுடைய கண்கள் மட்டுமே தெரிந்தன.

“அந்தப் பந்துக்கு வெண்ணெய் பூசியது யார்?” என்று சினா உரக்கக் கேட்டார். “சொல், நீதானே? ரொட்டி என்று நினைத்தாயா?”

இந்த நேரத்தில் பகிடியா? ஆனால் மாலைகளுக்குள் இருந்து அழுகையும் சிரிப்புமாக ஒரு சத்தம் வந்தது. “போங்கள் ஆன்ட்டி! நீங்கள் ஓடியிருந்தால் இப்போதும் ஓடிக்கொண்டுதான் இருப்பீர்கள்!”

அதற்குள் சினா என் கழுத்திலும் ஒரு மாலையைப் போட்டார். நான் உடனே கழற்றிக் கையில் மடித்து வைத்துக்கொண்டேன். நம்முடைய கூட்டங்களில் மாலை விழுந்த கையோடு கழற்றுவதுதானே மரியாதை? போட்டுக்கொண்டு நிற்பவரைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ஆனால் சினாவின் முகம் சட்டென்று விழுந்துவிட்டது.

“ஐயோ, கழட்டாதையும்!” என்று நீர் பதறினீர். “போட்டவைக்கு முன்னால கழட்டினா வேண்டாம் எண்டு எறிஞ்ச மாதிரி. மேடையில தலைவர் எண்டு நினைச்சீரோ?”

அவசரமாக மறுபடி போட்டுக்கொண்டேன். நீர் விளக்கியதும் சினா வயிறு குலுங்கச் சிரித்தார். நான் அந்த நேரத்தைப் பயன்படுத்தி, தோற்றவளுக்கு ஏன் மாலை என்று கேட்டேன்.

“விளையாடினாளே,” என்றார், இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பதுபோல.

அது விளக்கம் அல்ல. எதிரணியும்தான் விளையாடியது. இதைச் சொன்னேன். சினா யோசித்துவிட்டு, மீதியிருந்த மாலைகளை எடுத்துக்கொண்டு எதிரணியை நோக்கி நடந்தார்.

திரும்பி வரும்போது, காரில் நாம் இருவர் மட்டும் இருக்க, “சொல்லும்,” என்றீர்.

“சினாவோட இருக்கட்டும். என்னட்டை உப்பிடி ஒண்டும் இல்லை. பாடத் தெரியாது, பகிடி விடத் தெரியாது. பிள்ளை விழுந்தா நான் கதவைச் சாத்திப்போட்டுத் தேத்தண்ணி போடுற ஆள்.”

நான் நேர்மையாகப் பேசுவதாக நினைத்தேன்.

“உம்மட்டை இல்லாததை நான் கேக்கேல்லை,” என்றீர். “இருக்கிறதைத்தான் கேட்டனான்.”

அதற்குப் பிறகு நீரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. நான்கு மாதத்தில் நீர் போய்விட்டீர். மறுநாள் என் வீட்டில் நடந்ததைச் சினா உமக்குச் சொல்லியிருப்பார் என்று நம்புகிறேன். ஆனால் நான் சொல்லியிருக்க வேண்டும்.

உம்முடைய அந்த வாக்கியம் என்னோடு இருக்கிறது. வேலையிடத்தில் யாராவது நேர்முகத் தேர்வில் தவறி வந்தால், முன்பு கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது எழுந்து போய்ப் பக்கத்தில் நிற்கிறேன். பாட்டும் பகிடியும் இன்னும் வராது. தேநீர் போடுவேன், ஆனால் கதவைச் சாத்துவதில்லை.

போட்டிக்கு மறுநாள் நடந்தது, நான் உமக்குச் சொல்லாமல் விட்டது, இதுதான். ஞாயிறு மத்தியானம், தேவாலயம் முடிந்த கையோடு, வெள்ளைச் சட்டையும் வெள்ளைத் தொப்பியுமாகச் சினா பஸ் பிடித்து என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வந்ததும், “மலியாவின் அறை எது?” என்று கேட்டார்.

“அவள் உங்களோடுதான் இருக்கப்போகிறாள். நேற்றே அவளுடைய அம்மாவிடம் சொல்லிவிட்டேன்,” என்றேன்.

“என்னோடுதான். ஆனால் பரீட்சை வந்தால் என் வீட்டில் யார் படிப்பது? நான்கு பேரும் கத்துவார்கள். ஐந்தாவதாக நான் கத்துவேன்.”

“அப்படியென்றால் எது அவளுடைய வீடு?”

“ஒன்றுதான் இருக்க வேண்டுமா, புரொபசர்? நான் மூன்று வீட்டில் வளர்ந்தேன். எந்த வீட்டில் அடி குறைவோ அங்கே சாப்பிடப் போவேன்.”

சின்ன அறையைக் காட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றாமலே கட்டிலில் நீட்டிப் படுத்தார். கணுக்காலுக்குக் கீழே இரண்டு பாதமும் வெளியே நின்றன. “அவளுக்கும் என் உயரம்தான்,” என்றார். இருவரும் சேர்ந்து என் எழுதுமேசையை வெளியே தள்ளினோம், கட்டிலைத் திருப்பினோம், கால்மாட்டில் சமையலறை ஸ்டூலை வைத்து அதன்மேல் ஒரு குஷனைக் கட்டினோம். சினா மறுபடி படுத்துப் பார்த்தார். கால்கள் குஷனில் இருந்தன.