தண்டலின் இரண்டாம் சாவு

மச்சான், இன்று காலை உன்னை இரண்டாம் முறையாகச் சாகடித்துவிட்டார்கள். மாமாக் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி ஆறிக்கொண்டிருக்க, கைப்பேசியில் அந்த வரியைப் படித்தேன்: “தண்டல் காய்ச்சலில் செத்துப்போனார்.”

நாம் கைப்பேசிக் குழுவில் எழுதி ஆடும் அந்த ரப்பர் தோட்டக் கதை இன்னும் ஓடுகிறது. ஆளுக்கொரு பாத்திரம், அவரவர் பேச்சை அவரவரே எழுத வேண்டும். அடுத்தவர் பாத்திரத்தைக் கேட்காமல் தொடக்கூடாது என்ற உன் விதியும் அப்படியே இருக்கிறது. வேலைக்காரர்களை மேய்க்கும் தண்டலாக நீ இருந்தாய். குழுவில் சண்டை பிடிப்பவர்களையும் நீதான் மேய்த்தாய். இப்போது அந்த வேலை என் தலையில். சலித்துவிட்டது, மச்சான்.

ஈப்போ அடுக்குமாடியில் வளர்ந்த குமார், மரத்துப் பாலைத் தேநீரில் ஊற்றிக் குடித்ததாக எழுதினானே, ஞாபகமிருக்கிறதா? தோட்டத்தையே பார்க்காதவன். எல்லாரும் அவனை ஓட்டி எடுத்தார்கள். அவன் விலகப் பார்த்தான். நீ தண்டலாகவே எழுதினாய்: “டேய், அது ரப்பர் பால்லா. துப்பு. வாய் கொப்பளிச்சிட்டு வா, வேற போடச் சொல்றேன்.” குழுவே சிரித்தது, அவனும்தான். பிறகு என்னிடம் சொன்னாய்: “ஆளக் குழுவுலேர்ந்து தூக்கிட்டா தப்பு அப்படியே கெடக்கும் மச்சான். கதையில சேத்துக்கிட்டா கரைஞ்சிடும்லா.”

கமுந்திங் தொழிற்சாலையிலிருந்து மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது விபத்தில் நீ போய்விட்டாய். தண்டலை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. லீவில் தைப்பிங் போயிருக்கிறார் என்று எழுதிவைத்தேன். ஒரு வருஷத்துக்கு மேலாக நீ லீவில்தான் இருக்கிறாய்.

பாகான் டத்தோவிலிருந்து புதிதாய்ச் சேர்ந்த பெண்ணுக்கு இதெல்லாம் தெரியாது. ஆளில்லாத பாத்திரம் என்று நினைத்துத் தன் கதைக்காகக் கொன்றுவிட்டாள். அதிகமாகக் கொதித்தவன் குமார்தான். அவளைத் தூக்காவிட்டால் தான் விலகிவிடுவதாகச் சொன்னான். பாலைக் குடித்தவனுக்கு வந்த ரோஷத்தைப் பார். ஆனாலும் அவனைக் கோபிக்க முடியவில்லை. பிள்ளைக்கு உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரியில் இருந்ததால் உன் சாவுக்கு வர முடியாமல் போனவன் அவன்.

அவளை அழைத்து விஷயத்தைச் சொன்னேன். பிறகு, “அழிச்சிடவாண்ணே?” என்றாள். அழி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொல்ல வரவில்லை. அவள் தெரியாமல் எழுதியதை நாங்கள் தெரிந்தே எழுதாமல் இருந்தோம், அவ்வளவுதான்.

“இருக்கட்டும்மா,” என்றேன்.

அவள் வரிக்குக் கீழே எழுதினேன்: “காலைப் பெரட்டில் எல்லாரும் வரிசையில் நிற்க, தண்டல் பேரைக் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. அன்று யாரும் பாலுக்கு மரம் வெட்டப் போகவில்லை.”

மத்தியானம்போல் குமாரிடமிருந்து ஒரு வரி வந்தது: “பாடைக்கு முன்பக்கம் நான் தோள் குடுக்குறேன்.” அடுத்து அந்தப் பெண், தண்டலுக்குப் பூ கட்டிக்கொண்டு வருவதாக எழுதினாள். அதற்குக் குமார், “வாம்மா, வழி விடுங்க,” என்று எழுதினான்.

பின்பக்கம் நான் பிடித்திருக்கிறேன். கனக்கிறாய், மச்சான்.